அதிகமாகக் காட்டிய மெஷின்

இன்று காலை என் மேஜைக்கு ஒரு பிபி மெஷின் வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அதன் தலையில் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, 'அதிகமாகக் காட்டுகிறது' என்று நீலப் பேனாவில் எழுதியிருந்தது. கையில் சுற்றுகிற பட்டையின் ஓரம் பிய்ந்து நூல் தொங்கியது. மற்றபடி புது மெஷின்தான். ஆஸ்பத்திரி மெஷின்களைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. வேறு எந்தப் புகாராக இருந்தாலும் கை தானாக ஸ்க்ரூடிரைவரைத் தேடிப் போயிருக்கும். இதைப் பார்த்ததும் போகவில்லை, எரிச்சல்தான் வந்தது. முன்பு அம்பத்தூரில் வேலை பார்த்தேனே, அந்த ஆஸ்பத்திரியின் இன்சார்ஜ் சிஸ்டர் மேல் உள்ள எரிச்சல். இத்தனை வருஷமாகியும் அது ஆறமாட்டேன் என்கிறது.

சிஸ்டர் ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காட்டுக்காரர். அவருடைய அப்பா ஏரிப் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்தவர். வயலெல்லாம் பிளாட்டான பிறகு ஏதோ ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக நின்றவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக வெள்ளை யூனிஃபார்ம் போட்டவர் சிஸ்டர்தான். அந்தப் பெருமை நடையிலேயே தெரியும். ஐசியூவில் டாக்டர்கள் வருவார்கள், போவார்கள். அவர்தான் அங்கேயே கிடப்பார். நோயாளியைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களை நிற்க வைத்து அவர் நடத்தும் பாடத்தை நானே பலமுறை வாய் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். "இன்னா அண்ணாத்தே, மாத்திரைய ஏன் நிறுத்தினே? தலைவலி இல்லன்னா பிபி இல்லன்னு யாரு சொன்னது? அது சத்தம் போடாம ஏறும். அப்பளம், ஊறுகா, கருவாடு எல்லாத்தியும் மூட்டை கட்டி வெய்யி." எந்த டாக்டர் சொன்னாலும் ஏறாதது, அவர் சொன்னால் அந்த ஜனங்களுக்கு ஏறும். பாடத்தை முடித்துவிட்டு ஸ்டோர் ரூமுக்குள் போய், நின்றுகொண்டே தயிர்சாதத்தையும் எலுமிச்சை ஊறுகாயையும் பிசைவார். இரண்டாவது கவளம் வாய்க்குப் போவதற்குள் ஏதாவது ஒரு மானிட்டர் கத்தும். டப்பாவை மூடி வைத்துவிட்டு ஓடுவார்.

ஐசியூ நர்சுகளிடம் ஒரு பழக்கம் உண்டு. நோயாளிக்குக் காட்டும் பிபி அளவில் சந்தேகம் வந்தால், பட்டையைக் கழற்றித் தங்கள் கையிலேயே கட்டிப் பார்ப்பார்கள். தங்கள் உடம்பு சரியாக இருக்கிறது என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. சரியான கையில் தப்பாகக் காட்டினால் மெஷின்தான் தப்பு. இப்படித்தான் சிஸ்டர் ஒரு மெஷினை எனக்கு அனுப்பினார், அதிகமாகக் காட்டுகிறது என்று பிளாஸ்திரியில் எழுதி ஒட்டி. என் கையில் கட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. சோதனைக் கருவியில் மாட்டினேன், அதிலும் சரி. திருப்பி அனுப்பினேன். இரண்டு நாளில் அதே பிளாஸ்திரியோடு திரும்பி வந்தது. மறுபடி பார்த்து அனுப்பினேன். மறுபடி வந்தது. ஃபோனில் கூப்பிட்டு, "மெஷினைத் தொடவே தெரியலயா உனுக்கு?" என்று வேறு கத்தினார். எனக்கு வந்ததே கோபம்! மெஷினைத் தூக்கிக்கொண்டு நேராக மேலே போனேன்.

"இப்ப என் கண்ணு முன்னால கட்டிக் காட்டுங்க" என்றேன். கட்டினார். நூற்று எண்பத்தைந்து. "பாத்தியா?" என்று கண்ணை உருட்டினார். அதை வாங்கி என் கையில் கட்டினேன். நூற்றுப் பதினெட்டு. பக்கத்தில் நின்ற சின்ன நர்சின் கையில் கட்டினேன், அவளுக்கும் சரியாகத்தான் இருந்தது. திரும்ப சிஸ்டரின் கையில் கட்டியபோது நூற்றுத் தொண்ணூறு. தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாதான் மாப் கட்டையை ஊன்றிக்கொண்டு, "இன்னா சிஸ்டரு, மெஷினு கரீட்டாத்தான் கீது. உனுக்குத்தான் ஏறிக்கீது" என்றார்.

சிஸ்டர் சிரித்தார், சிரித்துத் தொலைத்தார். "சும்மா இரு ஆயா, மாடிப்படி ஏறி வந்தேன், அதான். எனுக்கு இன்னா கொறச்சல்? நல்லாத்தான் கீறேன்." அந்த அளவோடு ஒரு நோயாளி வந்திருந்தால், கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்க விட்டிருக்க மாட்டார். பிபி இப்படியே நின்றால் மூளையில் ரத்தக் குழாய் வெடிக்கும், அடைக்கும் என்று அவரே ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பார். டாக்டரிடம் காட்டுங்கள் என்று கெஞ்சினேன். என்னை ஓரமாக இழுத்துப்போய், "மேட்ரன் கிட்ட போட்டுக் குடுத்தேன்னு வெச்சிக்கோ, இந்தப் பக்கமே காலு வெக்க முடியாது, ஆமா. ரெண்டு பொண்ணுங்க வேலைய உட்டுப் பூடுச்சுங்க. நானும் படுத்துக்கினா இந்த பெட்டுங்களையெல்லாம் யாரு பாக்கறது? நீயா?" என்றார். மெஷினை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன்.

இருந்தாலும் மேட்ரனிடம் போய்ச் சொன்னேன். "அவங்களுக்குத் தெரியாததா?" என்று ஒரு கேள்வி கேட்டார் அந்த அம்மா. எவ்வளவு வசதியான கேள்வி! ஆனால் சும்மா இருக்கவில்லை. நர்சுகளின் ஆரோக்கியத்துக்காக ஒரு விழிப்புணர்வு வகுப்பு வைத்தார். ஆள் போடவில்லை, லீவு கொடுக்கவில்லை, ஒரு நர்சுக்குக்கூட பிபி பார்க்கவில்லை. வகுப்பு வைத்தார். நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போக வேண்டிய பிள்ளைகளை நிறுத்தி வைத்து, மீட்டிங் ஹாலில் உட்கார வைத்தார்கள். சுவரில், 'முதலில் உங்களை நேசியுங்கள்' என்று ஒரு பேனர். பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். சரி, வகுப்பெடுக்க யார் வந்தார் என்கிறீர்கள்? நம்ம சிஸ்டர்தான். அவரைப்போல எடுத்துச் சொல்ல ஆள் இல்லையாம்.

என்னமாய்ப் பேசினார் தெரியுமா! உப்பில் தொடங்கி, தூக்கம், மாத்திரை, மாதம் ஒருமுறை அளந்து பார்ப்பது என்று ஒன்றையும் விடவில்லை. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட எழுந்து கேட்டார்கள். கடைசியில், பட்டையை எப்படிக் கட்ட வேண்டும் என்று காட்டுவதற்கு ஒரு கை வேண்டியிருந்தது. மைக் வயரைச் சரி செய்ய வந்து ஓரமாக நின்றிருந்த என்னைக் கூப்பிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "உங்க கையில கட்டுங்க சிஸ்டர்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவர் ஒரு நொடி என்னை முறைத்தார். பிறகு, "பாடம் எடுக்கறவ கையில கட்டிக்கினா பாடத்த யாரு எடுக்கறது?" என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. என் கையில் கட்டிக் காட்டினார், எல்லோரும் கைதட்டினார்கள். வகுப்பு ரொம்ப நன்றாக இருந்தது என்று மேட்ரன் எனக்கே வந்து சொன்னார்.

அந்த வருஷம் முடிவதற்குள் நடந்துவிட்டது. மதியம், பார்வையாளர்கள் வரும் நேரம். ஆயா ஓட்டமும் நடையுமாகக் கீழே என் அறைக்கு வந்து, மூச்சு வாங்க, "நைனா, சீக்கிரம் வா. மாத்திரைய நிறுத்தவே கூடாதுன்னு ஒரு பொம்பளைக்குச் சொல்லிக்கினே இருந்தாங்கோ, அப்பிடியே வாயி கோணிக்கிச்சு" என்றார். போய்ப் பார்த்தபோது, அவருடைய ஐசியூவிலேயே ஒரு கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். வலது கை துணிபோலக் கிடந்தது. இடது கையில் பட்டை. கண் மட்டும் மானிட்டரைப் பார்த்தபடி இருந்தது. என்னைப் பார்த்ததும் அந்தக் கண்ணாலேயே மானிட்டரைக் காட்டி, குழறிக் குழறி, "சரியா... காட்டுதா?" என்று கேட்டார்.

"சரியாத்தான் காட்டுது சிஸ்டர்" என்றேன். அழுகையை அடக்க முடியவில்லை.

உயிர் பிழைத்துக்கொண்டார். அடுத்த நர்சுகள் தினத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய படத்தைப் பெரிதாகப் போட்டு, 'சேவையின் சிகரம்' என்று பேனர் கட்டினார்கள். அதைப் பார்த்தபோது கிழித்துப் போடலாம் போலிருந்தது. அவர் இருந்த இடத்துக்கு மட்டும் ஆள் வரவில்லை, மிச்சமிருந்தவர்கள்தான் பிரித்துக்கொண்டார்கள். நான் ஆவடி பக்கம் இந்த ஆஸ்பத்திரிக்கு மாறி வந்துவிட்டேன். போன மாதம்கூட அவரைச் சேக்காட்டு வீட்டில் போய்ப் பார்த்தேன். நாலுகால் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு தானே எழுந்து வந்து கதவைத் திறந்தார். பேச்சு முக்கால்வாசி திரும்பியிருக்கிறது. தினமும் காலையில் பிபி பார்க்கிறார், உப்பில்லாமல் சாப்பிடுகிறார், மாத்திரையை நேரம் தவறாமல் போடுகிறார். "இப்பத்தான் தம்பி எனுக்கு நேரம் கீது" என்றார். கிண்டலாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதனால்தான் இன்று அந்த மெஷினைத் திறக்கவில்லை. என் கையில் ஒருமுறை கட்டிப் பார்த்தேன். எனக்கும் வயது ஏறிவிட்டது, ஆனாலும் பரவாயில்லை என்றுதான் காட்டியது. எடுத்துக்கொண்டு மேலே போனேன். ஐசியூ கதவில் புதிதாக ஒரு போஸ்டர், சிரித்த முகத்தோடு ஒரு நர்ஸ் தண்ணீர் குடிக்கிற படம். உள்ளே நர்சுகள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொண்டுபோக அனுமதி கிடையாது. பிளாஸ்திரியில் எழுதியது யார் என்று கேட்டேன். ஒரு பெண் வந்தாள். திருவண்ணாமலைப் பக்கம் சொந்த ஊர், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். நேற்றைய நைட் டியூட்டியோடு சேர்த்து இன்றைக்குப் பகலும் பார்க்கிறாளாம், ஆள் வரவில்லை என்று.

"யார் கையில கட்டிப் பாத்தேம்மா?"

"என் கையிலதாண்ணா. நூத்தி அறுபத்தஞ்சு காட்டுச்சு. ரெடியாயிடுச்சா? குடுங்கண்ணா, நாலாம் பெட்டுக்குப் பாக்கணும்."

"குடுக்க மாட்டேன். உக்காரு" என்றேன். என் குரல் கொஞ்சம் உரக்கத்தான் வந்துவிட்டது. அவள் பயந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நூல் பிய்ந்த அந்தப் பட்டையை அவள் கையில் சுற்றினேன். மெஷின் உறுமி, காற்றை இறுக்கி, மெல்ல விட்டது. நூற்று எழுபது.

அவளும் எட்டிப் பார்த்தாள்.

"பாத்தீங்களாண்ணா, இன்னும் சரியாகல" என்று சொல்லிவிட்டு, பட்டையைக் கழற்ற ஆரம்பித்தாள்.