கடைசிச் சுற்றில் அப்பா தூக்கிய கை

எங்கள் அப்பா என்னை ஒருநாளும் அடித்ததில்லை, அதட்டியதில்லை. மரியாதையாகவே ஆளைக் கொல்லுவார். காலை ஐந்து மணிக்கு, "ஏனுங் அம்மணி, எந்திரிங்க, ரோடு காத்துட்டு இருக்குதுங்க" என்பார். அதற்குமேல் படுத்திருக்க யாருக்கு மனசு வரும்? பச்சை முட்டையைப் பாலில் உடைத்து ஊற்றி, நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து முடிக்கும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு நான் முன்னால் ஓட, அவர் மொபட்டில் பின்னாலேயே வருவார். தொண்ணூறுகளில் கருமத்தம்பட்டியில் எங்களைப் பார்க்காத பால்காரர் கிடையாது.

எட்டாவது படிக்கும்போது பள்ளியில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்தில் நான் ஜெயித்துத் தொலைத்ததில் ஆரம்பித்த வினை இது. மாவட்டத்தில் முதலாவது வந்தால் மாநிலப் போட்டி, அங்கே பேர் வாங்கினால் விளையாட்டு விடுதியில் இடம் என்று பி.டி. மாஸ்டர் சொல்லிவிட்டார். அப்பா அதை மாரியம்மனே கொடுத்த வாக்காக எடுத்துக்கொண்டார்.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கையில் வலது முழங்காலுக்குக் கீழே குத்தத் தொடங்கியது. ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "வலிக்குதுன்னு சொல்றவீங்களுக்கு யாருங் கண்ணு கப்பு குடுக்கறாங்க?" என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

எங்களுக்குப் பன்னிரண்டு விசைத்தறி. தறிக்குடோனுக்குள் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது, எல்லாம் கைஜாடைதான். கையை உயர்த்தி விரல்களை மடக்கினால் தறியை நிறுத்து என்று அர்த்தம். அதைக் கண்டதும் கையில் உள்ள வேலையை விட்டு நிற்பது நடை பழகிய நாளிலிருந்து எனக்குப் பழக்கம். ஆனால் அப்பா அதை லேசில் காட்டமாட்டார். ஓடுகிற தறியை நிறுத்துவதென்றால் சோற்றில் இருந்து கையை இழுத்துவிட்ட மாதிரி அவருக்கு. வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, பன்னிரண்டில் எந்தத் தறி தடுமாறுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

கோயமுத்தூர் மைதானத்தில் மாவட்டப் போட்டி. கடைசிச் சுற்றில் நான்தான் முன்னால். அடுத்தவள் பத்தடி பின்னால். வளைவில் மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் எல்லாம் கத்திக்கொண்டிருக்க, எங்கள் அப்பா மட்டும் வேலியைப் பிடித்தபடி என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை உயர்த்தி விரல்களை மடக்கினார்.

நான் நின்றுவிட்டேன். பழக்கம், வேறென்ன. நின்ற பிறகு அந்தக் காலை ஊன்ற முடியவில்லை. ஒவ்வொருத்தியாக என்னைத் தாண்டிப் போனார்கள்.

"ஜெயிக்கிற புள்ளயக் கெடுத்துப்போட்டீங்களே" என்று மாஸ்டர் அப்பாவிடம் பாய்ந்தார். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார், அத்தனை பேர் பார்க்க. வெட்கத்தில் அவர் தோளிலேயே கிள்ளினேன். "நாந்தான் பார்க்காமப் போயிட்டனுங் சாமி" என்றார்.

எலும்பில் கீறல் என்று ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். அரைச் சுற்றுத்தானே பாக்கி, ஜெயித்த பிறகு கால் உடைந்திருக்கலாமே என்பது என் வழக்கு. ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அவரும் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. அதன்பின் காலையில் என்னை எழுப்பவும் இல்லை.

வருஷமெல்லாம் மொபட்டில் விரட்டிய மனுஷன், ஊரே பார்க்க, ஜெயிக்கிற நேரத்தில் தன் ஆசையைத் தானே நிறுத்தினார். எங்கப்பாவைப் போல ஒரு தைரியசாலியை நான் இன்னும் பார்க்கவில்லை. அன்றைக்கு அது தெரியவில்லை. கையைத் தூக்குவதில் என்ன இருக்கிறது, யார் வேண்டுமானாலும் தூக்கலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் என் மகனுடைய பேட்மிண்டன் அரையிறுதி. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அவன் தோளைப் பிடித்துக்கொள்வதை மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஜெயிக்க இன்னும் நாலே பாயிண்ட். என் கை மடியை விட்டு எழவே இல்லை.