பூட்டை உடைத்த கேம்

காசு கொடுத்து வாங்கிய கேம்தான். கணினியில் ஹார்ட் டிஸ்க்கை மாற்றியதும், லைசென்ஸ் செல்லாது என்று திறக்கவே மறுத்தது. நிறுவனத்துக்கு எத்தனையோ முறை எழுதியும் பதிலில்லை. ஆத்திரத்தில், பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி ஒன்றை இறக்கினேன்.

அதில் வைரஸ் இருந்தது. சில நிமிடங்களில் எந்தக் கோப்பும் திறக்காமல் போனது. முனைவர் பட்டத்துக்காக என் அக்கா காசிமேட்டு மீன்காரப் பெண்களிடம் இரண்டு வருடம் அலைந்து எடுத்து, அதே கணினியில் வைத்திருந்த பேட்டிகளும் போயின. வேறு பிரதி இல்லை.

"நான்தான் இன்னாத்தையோ தப்பா அமுக்கிட்டேன் போல" என்று அக்கா அழுதாள். மூன்றாம் நாள், படிப்பையே விடுகிறேன் என்று அவள் சொன்னபோதுதான் உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. ஒரு நோட்டை என் கையில் திணித்துக் காசிமேட்டுக்கு அழைத்துப் போனாள்.

மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், "நீங்க சொன்னதெல்லாம் என்னாலதான் அழிஞ்சு போச்சு" என்றேன்.

"அதுக்கு ஏன் நைனா அழுவுறே? நான் கீறேன்ல, எழுதிக்கோ."

தன் கணவர் கடலோடு போன நாளை அவர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். நடுவில் இரண்டு முறை பேச முடியாமல் நிறுத்தினார். நான் தலை நிமிராமல் எழுதினேன்.

அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஆனால் அதை வெளியே சொல்ல வாய் வருவதில்லை.