மீன் சந்தை வரை ஒரு தொலைபேசி அழைப்பு

யுத்தத்தின் கடைசி ஆண்டுகளில், கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கு அருகே ஒரு மாடி அறையில் உளவளத்துணையாளராக வேலை பார்த்தேன். ஒருநாள் ஒருவர் வந்து எதிரே உட்கார்ந்தார். பிரச்சினை தனக்கல்ல, மனைவிக்கு என்றார்.

"பஸ்ஸில குண்டு வெடிச்ச நேரம் அவ றோட்டுக்கு மற்றப் பக்கம் நிண்டவ, மிஸ். காயம் ஒண்டுமில்லை. ஆனா அதுக்குப் பிறகு பிளாட்டை விட்டுக் கீழ இறங்கேல்லை."

"நான் வீட்ட வந்து பாக்கட்டோ?"

"வேண்டாம். ஆர் வந்தது, ஏன் வந்தது எண்டு பக்கத்து பிளாட் சனம் கேக்கும். அது அவவுக்குத் தாங்கேலாது."

அப்படியென்றால் போனில் கதைக்கலாமே என்று சொல்லிவிட்டேன். எங்கள் நிலையத்தில் அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. பொறுப்பாக இருந்த டொக்டர் அம்மா தயங்கினார். "முகத்தைப் பாக்காமல் என்னெண்டு? சரி, செய்து பாரும்."

முதல் அழைப்புகளில் ஓம், இல்லை என்பதற்கு மேல் அந்தப் பெண் எதுவும் சொல்லவில்லை. மௌனங்களைக் காதால் பிரித்தறிய நான் பழகினேன். அழுகையை விழுங்கும் மௌனம் ஒன்று. அடுப்பில் பால் பொங்குகிறதா என்று எட்டிப் பார்க்கும் மௌனம் இன்னொன்று.

பிறகு ஒருநாள் அவராகவே சொன்னார். "உங்களுக்கு என்ர முகம் தெரியாது, மிஸ். அதாலதான் எனக்குக் கதைக்கச் சுகமாக் கிடக்கு."

அன்றிலிருந்து எனக்கு வேலை குறைந்தது. வெடிச்சத்தத்தையும் கொட்டிய கண்ணாடிகளையும் முழுதாகச் சொன்னார். அழுதார். அழுது முடிந்ததும் கணவரின் சந்தைக் கெட்டித்தனத்தைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார். "முருங்கைக்காய் எண்டு விறகு கொண்டுவாறார். மீன் எண்டால் கேக்கவே வேண்டாம்."

"அப்ப நாங்களே போய் வாங்குவமோ? நான் போனில கூட வாறன்."

கணவர் தன் கைத்தொலைபேசியை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகத் தொடங்கினார். அதைக் காதில் வைத்தபடி மனைவி முதலில் மாடிப்படி வரை வந்தார். பிறகு கேற் வரை. சில நாள் பாதியில் திரும்பினார். திரும்பினால் திரும்பியதுதான், மறுநாள் மறுபடி இறங்குவோம்.

சந்தைக்குப் போன நாளில், காலி வீதி பஸ்களின் இரைச்சல் காதில் அடித்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது. "எனக்கு ஏலாது மிஸ்."

"நில்லுங்கோ. என்னோட சேர்ந்து மெல்லமா மூச்சை விடுங்கோ. பஸ் போகட்டும்."

பஸ் போனது. இன்னொன்றும் போனது. சோதனைச் சாவடியில் ஒரு பெண் பொலிஸ் சிங்களத்தில் எங்கே என்று கேட்டார். "மாளு கன்ன யனவா," மீன் வாங்கப் போகிறேன் என்று இவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. குரல் நடுங்கவில்லை.

அதன்பின் சரசரவென்று ஏதோ உரசும் சத்தம். போன் அணையாமலே கைப்பைக்குள் போய்விட்டது என்று புரிந்தது. பைக்குள்ளிருந்து எனக்குச் சந்தை கேட்டது. "மல்லி, மேவா ஈயே மாளு நே," தம்பி, இது நேற்றைய மீன்தானே என்று அவர் வியாபாரியை அதட்டினார். செவுளைத் திறந்து காட்டச் சொன்னார். அந்த மனிதர் சத்தியம் செய்ய, அதையும் நம்பாமல் அடுத்த மீனைக் கேட்டார். என்னை அடியோடு மறந்துவிட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அறைக்குள் வந்த டொக்டர் அம்மா என்ன என்று கையால் கேட்டார்.

"மீன் வாங்குறா," என்றேன். அவருடைய முகம் மலர்ந்தது. கதிரையை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

வெகுநேரம் கழித்துத்தான் அந்தக் குரல் கிட்ட வந்தது. "ஐயோ மிஸ், இன்னும் லைனில நிக்கிறியளோ?"

"நிக்கிறன். என்ன மீன்?"

"பாரை. நல்ல பாரை. போனை வைக்கட்டே? வெயிலுக்கை பழுதாப்போகும்."

எப்போதும் நான்தான் முதலில் வைப்பேன். அன்று அவர் வைத்தார்.

"இப்பிடிக் கதைக்கிற ஆக்களுக்கெண்டு இன்னொரு போன் லைன் கேட்டு எழுதிப் போடுவம்," என்று சொல்லிக்கொண்டே டொக்டர் அம்மா எழுந்தார்.