சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம்

பழைய இத்தாலி ரேஸ் சைக்கிள் ஒன்று மாசாய் ஊரில் விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, மனைவி லலிதாவுடன் பார்க்கப் போனேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. தொப்பைக்குத் தனி வயது.

நீலப் பெயிண்டின் பளபளப்பைப் பார்த்ததும் புத்தி பறந்துவிட்டது. எதையும் சோதிக்காமல், வாங்கியே விட்டதுபோல, புது வண்டிக்கு வைக்கும் எலுமிச்சம்பழத்தை முன்சக்கரத்தடியில் வைத்து ஏறி மிதித்தேன். கார் நசுக்கும் பழத்தை விரல் அகல டயர் நசுக்குமா? சக்கரம் வழுக்கியது. பெடலோடு பாதத்தைக் கட்டும் வாரில் கால் மாட்டியபடியே விழுந்தேன்.

"ஐயோ, காலு போச்சு! லலிதா, பிள்ளைங்களப் பாத்துக்க!" என்று அலறினேன். பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள்.

"சும்மா இருங்கலா, காலு அங்கதான் இருக்கு," என்று மண்டியிட்டு வாரை அவிழ்த்தாள். பேச்சில்தான் கிண்டல். என் முழங்காலை நீவியபடியே சைக்கிளின் அடிப்பக்கத்தைப் பார்த்தவள், "என்னங்க, இங்க ஏதோ கோடு மாதிரி இருக்கே?" என்றாள்.

ஹாண்டிலுக்குக் கீழே குழாய்கள் சேருமிடத்தில் விரிசல்! விற்பவரும் குனிந்து பார்த்தார். "அலமாக்! நானே கவனிக்கலண்ணே. நல்லவேள, மெயின் ரோட்டுல ஓட்டிப் பாக்கல."

வெறுங்கையோடு திரும்பினோம். இப்போதெல்லாம் பழைய சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒவ்வொரு குழாயின் அடியையும் விரலால் தடவிப் பார்க்கிறேன். எலுமிச்சம்பழம் லலிதாவின் கைப்பையில் இருக்கும். அவளும் மண்டியிட்டுப் பார்த்துச் சரி என்றால்தான் வெளியே வரும். இதுவரை வரவில்லை. ஒவ்வொரு முறையும் வீடு திரும்பியதும் அதைப் பிழிந்து எனக்கு ஜூஸ் போட்டுத் தருகிறாள்.