சீமாட்டியின் முதுகில் ரசமட்டம்

அந்த லாயத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இன்னைக்கில்ல' என்றுதான் கூப்பிடுவார்கள். லாயம் அண்ணனுடையது, குதிரைகளைப் பழக்குவது தங்கையான இவள். புதுக் குதிரைமேல் ஏறலாமா என்று அண்ணன் கேட்டாலும் சரி, வாங்க வந்தவர் கேட்டாலும் சரி, அவள் வாயில் வரும் பதில் அது ஒன்றுதான். அவள் பழக்கிய குதிரை ஒருவரையும் கீழே தள்ளியதில்லை. அதனால் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்கள்.

சீமாட்டி விஷயத்தில்தான் அண்ணனுடைய பொறுமை அறுந்துபோயிற்று.

சீமாட்டி செம்பழுப்புப் பெட்டைக் குதிரை. பிறந்த அன்று ஈரத்தோடு நடுங்கியதை வைக்கோலால் துடைத்து நிமிர்த்தியவள் இவள். இதன்மேல் முதலில் உட்காருவதும் தானாகத்தான் இருக்கவேண்டும் என்று அன்றைக்கே மனசுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டாள். இப்போது மூன்று வயது தாண்டிவிட்டது. மிருக வைத்தியர் முழங்காலைப் படம்பிடித்துப் பார்த்து, எலும்பு முற்றிவிட்டது, ஆள் பாரம் தாங்கும் என்று தலையாட்டிவிட்டார். சேணம் வைத்தால் சீமாட்டி காதைக்கூட அசைப்பதில்லை. பின்னே என்னதான் தடை?

இளங்குதிரைக்குப் பின்பக்கம் முந்திக்கொண்டு உயரமாக வளரும். முன்பக்கம் மெதுவாகத்தான் எட்டிப்பிடிக்கும். இரண்டும் ஒரே மட்டத்துக்கு வராமல் ஏறுவதில்லை என்பது அவளாக வைத்துக்கொண்ட சட்டம். மற்றக் குதிரைகளைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவாள். இது சீமாட்டியாயிற்றே! கண்ணை நம்பாமல், கொத்தனாரான புருஷனிடம் ரசமட்டத்தை வாங்கிவந்தாள். தோள்மேட்டுக்கும் இடுப்புமேட்டுக்குமாக ஒரு பலகை, பலகைமேல் ரசமட்டம். முற்றத்தில் நிறுத்தினால் சீமாட்டி காற்றில் பறக்கிற காகிதத்துக்கெல்லாம் துள்ளும். அதனால் கொட்டடிக்குள்ளேயே, பாதிக்கதவுக்கு மேல் தலையை நீட்டி அது வேடிக்கை பார்க்கும்போது அளப்பாள். ரசமட்டத்துக் குழாயின் குமிழி மேடான பக்கம் ஓடும்; ஒவ்வொரு தடவையும் அது வால்பக்கமே ஓடியது. வாரக்கணக்கில் ஓடியது.

"இன்னைக்காவது?" என்றார் அண்ணன்.

"இன்னைக்கில்ல, அண்ணே."

"பேசாம நீ அந்தக் குமிழியையே கட்டிக்கிட்டிருக்கலாம். இங்க பாரு, சாயங்காலம் என் மச்சான் வர்றான். அதுக்குள்ள நீ ஏறலேன்னா அவன் ஏறிடுவான். சொல்லிட்டேன்."

மச்சான் என்றால் அண்ணியின் தம்பி. பட்டப்பெயர் மூட்டை. அவன் உட்கார்ந்தால் நாற்காலி முனகும். ஏறுவதில் சூரன்தான், ஏறலாமா என்று குதிரையைக் கேட்கிற வழக்கம் மட்டும் கிடையாது.

"ஆக்கப் பொறுத்தீங்களே, ஆறப் பொறுக்காதா?" என்று கத்தினாள்.

"ஆறி அவலாப் போச்சு!" என்று கத்திக்கொண்டே அவர் போய்விட்டார்.

மத்தியானம் கொத்தனார் வந்தார், முழங்கை வரைக்கும் சிமெண்டோடு. "என் ரசமட்டத்தைக் குடு. அங்க சுவரு பாதியில நிக்குது."

"ஒரே ஒரு தடவை பார்த்துட்டுத் தர்றேங்க."

பார்த்தாள். வால்பக்கம். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கொத்தனாரோ குதிரையைப் பார்க்கவில்லை, காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தத் தரை ஏன் இப்படிச் சரியுது?"

"கழுவுற தண்ணி வாசல்பக்கம் ஓட வேண்டாமா? அதுக்காகத்தான் சாய்ச்சு..." என்று ஆரம்பித்தவளுக்கு வாய் அப்படியே நின்றுவிட்டது.

வாசலைப் பார்த்து நிற்கிற குதிரை. வாசல்பக்கம் தாழ்ந்த தரை. முன்கால் பள்ளத்தில், பின்கால் மேட்டில்!

கொத்தனார் வைக்கோல்மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடிப்பாவி, தரையோட கோணலுக்கு இத்தனை நாளா குதிரையைத் திட்டியிருக்கியே!"

"சிரிச்சது போதும், எழுந்திருங்க! சமமான தரை எங்க இருக்கு?"

"வண்டிக்கொட்டகைதான். நான் போட்ட தரையாக்கும். கோலிக்குண்டை வச்சாலும் உருளாது."

இழுத்துக்கொண்டு ஓடினாள். குதிரையையா, புருஷனையா என்று அவளுக்கே தெரியவில்லை. கொட்டகையில் பலகை ஏறியது, ரசமட்டம் ஏறியது. குமிழி வால்பக்கம் போனது, திரும்பியது, நடுங்கியது, இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது.

"அண்ணே!" என்று அவள் போட்ட கூச்சலில் லாயமே திரும்பிப் பார்த்தது.

அண்ணன் வந்தார். கூடவே, முன்னதாகவே வந்துசேர்ந்திருந்த மூட்டையும் கையுறையை மாட்டிக்கொண்டே வந்தான். "நான் தயாரு, அக்கா!"

"நீ தயாருதான். அது தயாரான்னு நான் கேட்டுச் சொல்றேன்," என்றாள்.

சேணம் வைத்தாள். முதலில் வயிற்றால் குறுக்கே படுத்து, முழுப் பாரத்தையும் கொடுத்தாள். சீமாட்டியின் ஒரு காது பின்னால் திரும்பி அவளை விசாரித்தது. முதுகு இறுகியது. அவள் அசையவில்லை. சீமாட்டி மூக்கு அதிர ஒரு பெருமூச்சு விட்டு, வெறும் வாயை மென்றது. முதுகு இளகியது.

காலைத் தூக்கி அந்தப்பக்கம் போட்டாள். உட்கார்ந்துவிட்டாள்! நாக்கை ஒரு சொடக்குச் சொடக்கியதும் சீமாட்டி ஓர் அடி வைத்தது. யோசித்தது. இன்னோர் அடி. பிறகு, தனக்கே அந்த எண்ணம் வந்தமாதிரி, தலையை ஆட்டிக்கொண்டு கொட்டகையை நிதானமாகச் சுற்றி வந்தது. கொத்தனார் சிமெண்டுக் கையோடு தட்டினார், தூள் பறந்தது. அதற்கும் சீமாட்டி துள்ளவில்லை.

அவள் சிரிப்பும் அழுகையுமாகச் சரிந்து இறங்கி, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மூட்டைக்குக் கை பரபரத்தது. "அப்ப அடுத்தது நான் ஏறட்டுமா, அக்கா?"

அவள் வாய் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"இன்னைக்கில்ல!"