மூச்சுக்குழல் ஒதுங்கிய பக்கம்

நாற்பத்தாறாவது வயதில், நோயியல் உள்தேர்வில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கிய என் விடைத்தாளை லேமினேட் செய்து வைத்துக்கொண்டேன். கூடப் படித்த பெண்களுக்குப் பத்தொன்பது, இருபது வயது. அவர்களை ஜெயித்ததில் எனக்கு வெட்கமே இல்லை. கடைக்காரர், பிள்ளையோட மார்க்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் இருபது வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறேன். மூச்சை இழு, பிடி, விடு என்று சொல்வதுதான் வேலை. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட தொழில். டிப்ளமோ இல்லாமல் இனி மெஷினைத் தொடக்கூடாது என்று முதலாளி சொன்னதால், திண்டிவனம் சாலையில் ஒரு கல்லூரியில் போய்ச் சேர்ந்தேன். கதிரியக்க இயற்பியலில் நன்றாகத் தூங்கினேன். நோயியல் தூங்கவிடவில்லை. ஆயுள் பூராவும் நாவல் படித்தவனுக்கு அது பெரிய ருஷ்ய நாவல் மாதிரி இருந்தது. பாத்திரங்கள் ஏராளம், சாகும் வழிகள் கொஞ்சம். செல் வீங்கும், அழுகும், ரத்தம் உறையும், அல்லது அடங்காமல் பெருகும். கடைசியில் எல்லாமே படத்தில் வெள்ளையாகத்தான் விழும். இதெல்லாம் படத்தை ஒழுங்காக எடுப்பதற்கு, ஜோசியம் சொல்வதற்கு அல்ல என்று பாடம் எடுத்த டாக்டரம்மா வகுப்புதோறும் எச்சரிப்பார். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஒரு அமாவாசையன்று மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன். பனமலைப் பக்கம் வேர்க்கடலை விவசாயம், எங்கள் பேச்சில் மல்லாட்டை. மேல்மலையனூர் கோயில் கூட்டத்தில் பஸ் ஏற முடியாமல் இரண்டு மணி நேரம் நின்றதில் மூச்சு வாங்கியது என்றார். ஆனால் கையில் டாக்டர் சீட்டு இருந்தது. இரண்டு மாத இருமலாம். படம் எடுத்தேன். இடது நெஞ்சு முழுக்க வெள்ளை.

எடுப்பவன் வாய் திறக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் கட்டளை. விழுப்புரத்தில் இருக்கும் டாக்டர் கணினியில் பார்த்து மறுநாள் ரிப்போர்ட் அனுப்புவார். இருபது வருடமாக, டாக்டர் சொல்லுவாரு என்ற ஒரே பதிலில் பிழைத்தவன் நான்.

"இன்னா மாப்ள, இன்னா தெரியுது?" என்றார்.

"தண்ணிதான் மச்சான். நெஞ்சுல கோத்துக்கினு இருக்குது. ஊசி போட்டு எடுத்துடுவாங்க" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. அதைப் பார்க்கத்தான் சொன்னேன் போலிருக்கிறது.

நெஞ்சில் தண்ணீர் சேர்ந்தால் அது மூச்சுக்குழலை எதிர்ப்பக்கம் தள்ளும். உள்ளே ஏதோ அடைத்து நுரையீரல் சுருங்கினால், குழல் வெள்ளைப் பக்கமே இழுபடும். ஆறு மதிப்பெண் கேள்வி. படம் போட்டு எழுதி ஆறும் வாங்கியிருந்தேன். மச்சானின் மூச்சுக்குழல் வெள்ளைப் பக்கமாகத்தான் ஒதுங்கியிருந்தது. அதை நான் பார்க்காமல் இல்லை. ஆள் கொஞ்சம் திரும்பி நின்றாலும் படத்தில் அப்படி விழும். நான்தான் அவரைக் கோணலாக நிறுத்திவிட்டேன் என்று நினைத்தேன். என் வேலையில் நானே குறை கண்ட ஒரே நாள் அது. அன்று பார்த்து வேலை சரியாக இருந்தது.

மச்சான் டாக்டரிடம் போகாமல் நேராக ஊருக்குப் போய்விட்டார். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். வீட்டில் கொள்ளு ரசம் வைத்துக் கொடுத்தார்கள். மறுநாள் ரிப்போர்ட் வந்ததும் சென்டரிலிருந்து மச்சானைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாப்ள எல்லாம் சொல்லிட்டாரு, வெறும் தண்ணிதான் என்று போனை வைத்துவிட்டார். நான் அங்கே இல்லை. தேர்வுக்காக மூன்று வாரம் விடுப்பு. நோய்கள் உண்டாகும் விதத்தைப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்த அன்று, யாரும் வாங்கிப் போகாத கவர்களின் அடுக்கில் அவர் பெயரைப் பார்த்தேன். இடது நுரையீரலுக்குப் போகும் குழலை அடைக்கும் கட்டி என்ற சந்தேகம், உடனே சி.டி. எடுக்கவும் என்றிருந்தது. அன்றே கார் வைத்துப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவர் என்னிடம் கோபப்படவில்லை. தண்ணி எப்ப கட்டி ஆச்சு என்று மட்டும் ஒருமுறை கேட்டார். புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். மூன்று வாரம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டரைத் தனியாகக் கேட்டேன். பெரிய வித்தியாசம் இருந்திருக்காது, அநேகமாக என்றார். அந்த அநேகமாக என்ற சொல்லோடு மூன்று மாதம் குடித்தனம் நடத்தினேன். பொங்கலுக்கு முன்னால் மச்சான் இறந்துபோனார்.

காரியம் முடிந்து, சாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் மனைவியிடம் போய், இது என்னால் வந்தது, நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் ரிப்போர்ட் வாங்க வந்திருப்பார் என்று சொன்னேன். சொல்வதற்குப் பல நாள் ஒத்திகை பார்த்திருந்தேன். குரல்கூடத் தேவையான இடத்தில் உடைந்தது.

அவர் எச்சில் இலைகளை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார்.

"மல்லாட்ட புடுங்கி முடிக்காத அவரு எங்கியும் வர மாட்டாருண்ணே. நீங்க சொன்னது அவருக்கு ஒரு சாக்கு" என்றார். பிறகு, "உங்க பேச்ச இந்த வூட்ல யாரு என்னிக்குக் கேட்டாங்க?"