நாலு வாரம் மாறாத தாளம்

செல்லையா அண்ணாச்சி காலமான செய்தி ஆலங்குளத்தில் என் ஆபீஸுக்குப் போனில் வந்தது. சொல்லவே கூசுகிறது: பழைய கூட்டாளி சுப்பையா போனில் விஷயத்தைச் சொல்லி அழுதுகொண்டிருக்கையில், மேஜைக்கடியில் என் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எதிர் நாற்காலிக்காரர் பார்த்த பார்வையில் காலை இழுத்துக்கொண்டேன். அண்ணாச்சியை நினைத்தால் அந்தக் கால் என் பேச்சைக் கேட்பதில்லை.

தென்காசியில் கேசட் பதிந்து தரும் கடைக்காரராகத்தான் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். எண்பத்திரண்டு, எண்பத்துமூன்று குற்றாலச் சீசன்களில், சனிக்கிழமை மத்தியானங்களில் அவர் செய்த காரியம் எங்கள் பத்துப் பேருக்கு மட்டுமே தெரியும். தங்க வந்தவர்கள் அருவிக்குப் போன நேரம், ஒரு லாட்ஜின் நிலவறையில், அடுக்கிய மெத்தைகளுக்கு நடுவே, எலெக்ட்ரானிக் தாளப்பெட்டியில் தானே பதிந்த டிஸ்கோவை ஓடவிடுவார்; நாங்கள் ஆடுவோம். லாட்ஜ் முதலாளிக்குத் தெரியாது. சத்தத்தை மெத்தைகள் விழுங்கிவிடும்.

தாளம் வாராவாரம் மாறும். "நேத்தைய தாளத்துக்கு ஆடுதவன் நடக்கான்லே, ஆடல" என்பார். மாறினால்தான் இசை வளரும் என்று நானும் அவருக்காக வரிந்துகட்டி வாதாடுவேன். உண்மைக் காரணம் வேறு. பிறந்து இரண்டு நிமிஷமான தாளத்துக்கு ஒருவன் தப்பாக ஆடுகிறான் என்று யாரும் சொல்ல முடியாது. நான் ஆடினால், சட்டைக்குள் கட்டெறும்பு புகுந்தவனைப் போலிருக்கும்.

எங்களில் நிஜமாக ஆடத் தெரிந்தவன் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் சுப்பையா ஒருவன்தான். ஒரு சனிக்கிழமை அவன் கேட்டான்: "அண்ணாச்சி, போன வாரத்ததையே இன்னொரு தடவ போடுங்களேன். இப்பதான் இடுப்புக்குள்ள எறங்குது."

"போன வாரத்ததுக்கு நீ போன வாரமே ஆடியிருக்கணும்லே."

சத்தமாகச் சிரித்தவன் நான். சுப்பையா சட்டையை மாட்டிக்கொண்டு படியேறிப் போனான். பிறகு வரவில்லை.

அடுத்த இரண்டு வாரமும் புதுத் தாளம்தான். அண்ணாச்சி படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்துப் பேர் ஐந்து பேரானோம். அவன் ஆடுவதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வந்திருக்கிறார்கள். மூன்றாவது வாரம் என்னையும் இழுத்துக்கொண்டு சாரலில் நனைந்தபடி அருவிக்கரைக்குப் போனார். ஒரு பெரிய முதுகில் வேலையாக இருந்த சுப்பையா நிமிரவில்லை.

"ஏலே, நீ ஆடாட்டா, நான் போடுதது நல்லாருக்கா நாறுதான்னு எனக்கே தெரியமாட்டேங்குது."

"நாலு வாரம் மாத்தாம போடுவீங்களா?"

அண்ணாச்சி எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தார், அருவியைப் பார்த்தார். அவர் சரி என்பதற்குள் அந்த முதுகு முழுவதும் தேய்த்து முடிந்துவிட்டது.

சுப்பையா திரும்பி வந்தான். அதே தாளத்தின் நாலாவது வாரம் அவன் ஆடியபோது நாங்கள் ஆடுவதை விட்டுவிட்டு மெத்தைகள்மேல் உட்கார்ந்துவிட்டோம். அந்தத் தாளத்துக்குள் அவ்வளவு இடம் கிடந்தது எங்களுக்குத் தெரியவே இல்லை. அண்ணாச்சியின் விரல்கள் மட்டும் டேப் டெக்கின்மேல் இருப்புக்கொள்ளாமல் துடித்துக்கொண்டிருந்தன. ஐந்தாம் வாரம் வேறு தாளம் வந்துவிட்டது.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்த நாலு வாரத்தைத்தான். அரித்த கையை அடக்கிக்கொண்டு, ஒருவனுக்காக ஒரே இடத்தில் நின்றாரே, அதை. அண்ணாச்சி வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போன இடத்தில் இதைச் சுப்பையாவிடம் சொன்னேன்.

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நின்னாரா? ரெண்டாவது வாரமே மாத்திட்டாரு சார். மூணாவது வாரம் இன்னொண்ணு. தொடக்கம் மட்டுந்தான் பழசு. நான் கண்டுக்கல."